ஓடினால் இழுப்பு வருகிறது, ஓடலாமா?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

ஆஸ்துமா உள்ளவர்கள் உடற்பயிற்சி செய்யலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் வயதும் நிலையும் வெவ்வேறு. ஆயினும் பெரும்பாலான கடிதங்களின் அடியில் ஓர் அச்சம் இருக்கிறது, உடலை வருத்தினால் நோய் முற்றிவிடும் என்ற அச்சம். மூச்சு முட்டி ஒருமுறையேனும் தவித்தவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் நெடுங்காலமாக ஆஸ்துமா நோயாளிகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பலருடைய வாழ்க்கையில் நோய் பறித்துக்கொண்டதைவிட இந்த அச்சம் பறித்துக்கொண்டதே அதிகம்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. மற்ற நேரங்களில் நன்றாகவே இருக்கிறான். கால்பந்து ஆடி முடித்து வந்து உட்கார்ந்த பிறகுதான் இருமலும் இழுப்பும் தொடங்குகின்றன. ஆடும்போது வராமல் ஓய்வெடுக்கும்போது வருவது ஏன்? விளையாட்டையே நிறுத்திவிடச் சொல்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். நிறுத்திவிடட்டுமா? (ஒரு தாய்)

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழல்களின் உட்சுவரில், நன்றாக இருப்பதாகத் தோன்றும் நாட்களிலும், ஓரளவு அழற்சி இருந்துகொண்டே இருக்கும். அழற்சியுற்ற குழல்கள் தூசு, புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று என்று மற்றவர்களை அவ்வளவாகப் பாதிக்காதவற்றுக்கெல்லாம் சட்டென்று சுருங்கிக்கொள்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி கூடுகிறது. மூன்றும் சேர்ந்து காற்று போகும் வழியைக் குறுக்கிவிடுவதால் இழுப்பும் இருமலும் நெஞ்சிறுக்கமும் உண்டாகின்றன.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை மூக்கு வழியாக இழுத்து விடுகிறார். அந்தக் காற்றை மூக்கு வெதுவெதுப்பாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்பிவிடுகிறது. வேகமாக ஓடும்போதோ, வளர்ந்த ஒருவருக்கு அதே அளவு நிமிடத்துக்கு 100 லிட்டரைத் தாண்டக்கூடும். மூக்கு போதாமல் வாயாலும் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்த, உலர்ந்த காற்று நேரே மூச்சுக்குழல்களுக்குள் பாய்ந்து, உட்சுவரின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை உலர்த்துகிறது. நீர் குறையக் குறைய அப்படலத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. அந்த மாற்றத்தால் தூண்டப்படும் மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்கள் முதலானவை ஹிஸ்டமின், லுயூகோட்ரையீன் போன்ற வேதிப்பொருட்களை வெளிவிடுகின்றன. அவை குழல் தசைகளை இறுகச் செய்கின்றன.

ஆடிக்கொண்டிருக்கும்போது, ஆழமாக வாங்கும் ஒவ்வொரு மூச்சும் குழல்களை இழுத்து விரித்து வைத்திருப்பதால் இந்த இறுக்கம் பெரும்பாலும் தலைதூக்குவதில்லை. ஆட்டம் நின்று மூச்சு தணிந்ததும் அந்த விரிவு போய், இறுக்கம் மேலோங்குகிறது. ஆகவே பலருக்கு இழுப்பு உச்சமடைவது ஓட்டம் நின்ற 5 முதல் 15 நிமிடங்களுக்குள்தான். பிறகு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே தணிகிறது. உங்கள் மகன் உட்கார்ந்த பிறகு இருமுவது இதனால்தான்.

அவன் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் இப்படி ஆகிறது என்றால், அடிப்படை அழற்சி அடங்கவில்லை என்று நுரையீரல் சொல்கிறது என எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த நான்கு வாரங்களை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் தொல்லை வந்ததா? இரவில் ஒருமுறையேனும் இருமலாலோ இழுப்பாலோ விழித்தானா? உடனடி நிவாரண இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுக்க நேர்ந்ததா? நோயின் காரணமாக எதையாவது செய்யாமல் விட்டானா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. அப்போது மாற்ற வேண்டியது மருந்தை. விளையாட்டைக் குறைப்பதில் பயனில்லை. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நாள்தோறும் சரியாக எடுத்துக்கொண்ட சில வாரங்களில், விளையாட்டுக்குப் பிந்தைய இழுப்பு வெகுவாகக் குறைவதைக் காணலாம்.

'சரியாக' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேன். அடுத்த முறை அவன் இன்ஹேலர் எடுக்கும்போது அருகில் நின்று பாருங்கள். அழுத்திய கணத்தில் வாயோரத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ வெண்புகை போல வெளியேறினால், மருந்தின் பெரும்பகுதி நெஞ்சுக்குள் போகவில்லை என்று பொருள். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் என்னும் இடைக்குழாயில் பொருத்தி, முழுவதும் மூச்சை விட்ட பிறகு வாயில் வைத்து உதடுகளால் இறுக மூடி, ஒருமுறை அழுத்தி, மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துவைக்க வேண்டும். அடுத்த தடவைக்கு மறுபடி குலுக்க வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு நான் மருந்தை மாற்றுவதில்லை. இழுக்கும் முறையைத்தான் திருத்துகிறேன்.

ஆட்டத்துக்கு முன் 10 முதல் 15 நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மெதுவோட்டத்தில் தொடங்கி, இடையிடையே சில விநாடிகள் வேகமாக ஓடி, மறுபடி மெதுவாக ஓடி என்று செய்தால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதன்பின் ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை குழல்கள் எளிதில் சுருங்காத ஓர் இடைவெளி கிடைக்கிறது. ஆட்டம் முடிந்ததும் சட்டென்று உட்காராமல் சில நிமிடங்கள் நடந்து தணியட்டும். இவ்வளவும் செய்த பிறகும் தேவைப்பட்டால், ஆட்டத்துக்கு 10, 15 நிமிடங்களுக்கு முன் எடுக்க வேண்டிய மருந்தை உங்கள் மருத்துவர் குறித்துத் தருவார். பயிற்சியாளருக்கு நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். நிவாரண இன்ஹேலர் பூட்டிய அலமாரியில் இல்லாமல் மைதானத்து ஓரத்தில், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 42 வயது. இளைப்புக்குப் பயந்து சில ஆண்டுகளாக நடைப்பயிற்சியைக்கூட விட்டுவிட்டேன்; எடை ஏறிவிட்டது. இப்போது ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இது ஆஸ்துமாவா, எடையா என்று எனக்கே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி)

பதில்: இரண்டும் இருக்கலாம், ஒன்றை ஒன்று வளர்க்கவும் செய்யும். இளைப்புக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசைகளும் இதயமும் பழக்கம் இழக்கின்றன. பழக்கம் இழந்த உடலுக்குச் சிறு வேலைக்கே அதிகக் காற்று தேவைப்படுகிறது. அதனால் வரும் மூச்சிரைப்பை ஆஸ்துமா என்று எண்ணி இன்னும் ஒதுங்குகிறோம். இந்தச் சுழற்சியில் சிக்கியவர்களிடம் நோயின் அளவுக்குப் பொருந்தாத இயலாமையைக் காண்கிறேன். அதைக் காணும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இது மீட்கக்கூடிய இழப்பு.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. உழைப்பால் வரும் மூச்சிரைப்பு, நின்றதும் இரண்டு மூன்று நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். மூச்சு வேகமாக இருந்தாலும் தடையின்றி உள்ளே போய் வெளியே வரும். ஆஸ்துமாவால் வரும் மூச்சிரைப்பு, உழைப்பை நிறுத்திய பிறகு கூடும், வெளிவிடும்போது விசில் போன்ற ஒலி கேட்கும், நெஞ்சைப் பட்டை போட்டு இறுக்கியது போலிருக்கும், இருமல் விடாது. ஐயம் தீரவில்லையானால் மூச்சை எவ்வளவு வேகமாக வெளிவிட முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு கருவி உதவும். நடப்பதற்கு முன் மூன்று முறை ஊதி, அவற்றுள் மிகுந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்து முடித்த 5, 10, 15 நிமிடங்களில் மறுபடி ஊதிப் பாருங்கள். அளவு கணிசமாக இறங்கினால் குழல்கள் சுருங்குகின்றன. அந்தக் குறிப்பேட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி கருவியைக் கொண்டு செய்யும் சோதனையில், ஒரு விநாடியில் வெளிவிடும் காற்றின் அளவு பயிற்சிக்குப் பின் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால், பயிற்சியால் குழல் சுருங்குவது உறுதியாகும். மாடி ஏறும்போது மூச்சிரைப்புடன் நெஞ்சுவலி, மயக்கம், கால்வீக்கம் இவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

தொடங்குவதற்குச் சமதளத்தில் பத்து நிமிட நடை போதும். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகமே உங்களுக்கு ஏற்ற நடுத்தர வேகம். அந்த அளவு எளிதான பிறகு வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். வாரத்துக்கு 150 நிமிட நடுத்தர உழைப்பு என்று பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்த அளவுதான், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் உள்ள உங்களுக்கும் இலக்கு. அவசரப்பட்டு அதை ஒரே மாதத்தில் தொட வேண்டியதில்லை. வாகனப்புகை மிகுந்த சாலையோரத்தையும், காற்று மாசு உச்சத்தில் இருக்கும் நேரத்தையும் தவிருங்கள். குளிர்ந்த காலையில் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு நடந்தால், வெளிவிடும் மூச்சின் ஈரமும் சூடும் உள்ளே போகும் காற்றுக்குக் கிடைக்கும். சளிக்காய்ச்சல் இருக்கும் நாட்களில் ஓய்வு எடுங்கள்.

பயிற்சியால் என்ன கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முறையான பயிற்சி உடலின் உழைப்புத் திறனைத் தெளிவாக உயர்த்துகிறது. ஓய்வில் எடுக்கும் நுரையீரல் சோதனையின் எண்களை அது பெரிதாக மாற்றுவதில்லை. ஆகவே மூன்று மாதம் நடந்த பின் ஸ்பைரோமெட்ரி அறிக்கை பழையபடியே இருக்கிறதே என்று மனம் தளராதீர்கள். அதே மாடியைக் குறைந்த மூச்சில் ஏறுவீர்கள், அதுவே பலன். எடை கூடியவர்களில், உடல் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை குறைத்தவர்களுக்கு ஆஸ்துமாவின் கட்டுப்பாடும் மேம்படுகிறது.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு நீச்சலே சிறந்த பயிற்சி என்கிறார்களே? (ஒரு வாசகர்)

பதில்: பலருக்கு ஒத்துக்கொள்கிறது. நீர்மட்டத்தை ஒட்டியுள்ள காற்று ஈரமானது. எனவே குழல்கள் உலர்வது குறைவு. ஆனால் காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளங்களில், குளோரின் உடற்கழிவுகளுடன் வினைபுரிந்து எழும் ஆவி சிலருக்குத் தொல்லை தரும். குளத்தருகே போனதுமே கண் எரிந்து இருமல் வந்தால் அந்தக் குளம் உங்களுக்கு ஏற்றதன்று. நீச்சல் பிடிக்காதவர் அதற்காக வருந்த வேண்டியதுமில்லை. நீண்ட தொலைவு ஓட்டத்தைவிட, இடையிடையே ஓய்வு கிடைக்கும் கைப்பந்து போன்ற ஆட்டங்களும் குழல்களுக்கு எளிதானவையே. தினமும் மனமுவந்து செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மூச்சுப்பயிற்சி செய்யத் தொடங்கிய பிறகு எனக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. இன்ஹேலருக்கு அடிமையாகிவிடக் கூடாது என்பதால் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டு, அவசரத்துக்கு மட்டும் நீல நிற இன்ஹேலரை வைத்திருக்கிறேன். இது சரிதானே? (55 வயது வாசகர்)

பதில்: மூச்சுப்பயிற்சியைத் தொடருங்கள், இன்ஹேலரை நிறுத்தியது ஆபத்து. இதைக் கண்டிப்புடன் சொல்வதற்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றை அசைத்து மெதுவாக மூச்சு விடுவதும், பிராணாயாமமும், வேகமாக மூச்சு வாங்கும் பழக்கத்தைத் தணித்து, பதற்றத்தைக் குறைத்து, அன்றாட வாழ்க்கையை எளிதாக்குகின்றன. நீங்கள் உணரும் நன்மை உண்மையானது. ஆனால் குழல் சுவரிலுள்ள அழற்சியை அவை ஆற்றுவதில்லை. அழற்சி உள்ளே கனன்றுகொண்டிருக்க, மேலே தொல்லை தெரியாமலிருப்பது நிம்மதிக்குரிய நிலையன்று. வேகமாகவும் பலமாகவும் மூச்சை வெளித்தள்ளும் வகைகள் சிலருக்கு இழுப்பைத் தூண்டவும் கூடும். அவற்றை நோய் அடங்கிய காலத்தில் மட்டும், மெதுவாகப் பழகிப் பாருங்கள்.

நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது, நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்கிறது, அழற்சியைத் தொடுவதில்லை. அதை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கடுமையான தாக்குதலும் உயிரிழப்பும் நேரும் அபாயம் கூடுதல் என்பதால், 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தருவதைப் பரிந்துரைப்பதில்லை. லேசான ஆஸ்துமாவுக்குக்கூட, குறைந்த அளவு ஸ்டீராய்டும், குழலை விரிக்கும் மருந்தான ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது எடுப்பதே இப்போதைய வழி. உடற்பயிற்சிக்கு முன்னும் அதையே எடுக்கலாம். தினமும் பலமுறை சால்பியூட்டமால் எடுப்பவர்களுக்குப் பயிற்சி இழுப்பிலிருந்து அது தரும் பாதுகாப்பும் நாளடைவில் தேய்ந்துபோகிறது.

அடிமையாவது பற்றி: ஸ்டீராய்டு இன்ஹேலர் போதைப் பழக்கத்தை உண்டாக்காது. மாத்திரையாகத் தரும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில். அதுவும் பெரும்பாலும் குழல்களிலேயே வேலை செய்கிறது. எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால், வாயில் வெண்படலம் படிவதையும் குரல் கம்முவதையும் பெருமளவு தவிர்க்கலாம். மருந்தைக் குறைக்க விரும்பினால், சில மாதங்கள் தொல்லையின்றி இருந்த பிறகு மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். இந்த வாரமே அவரைப் பாருங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, 800 மீட்டர் ஓடுகிறேன். ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் தொண்டை அடைப்பது போலாகி, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வருகிறது. இன்ஹேலர் எடுத்தும் பயனில்லை. நின்ற சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களால் பெரிய போட்டிகளில் ஓட முடியுமா? மருந்து எடுத்தால் தகுதி நீக்கம் செய்வார்களா?

பதில்: நீங்கள் விவரித்திருப்பது ஆஸ்துமாவாக இல்லாமலும் இருக்கலாம். தொண்டையில் அடைப்பு, உள்ளிழுக்கும்போது ஒலி, உழைப்பின் உச்சத்தில் வந்து நின்றதும் மறைவது, இன்ஹேலருக்குக் கேட்காதது ஆகியவை குரல்வளை குறுகும் வேறொரு நிலையின் அடையாளங்கள். மூச்சை இழுக்கும்போது விரிய வேண்டிய குரல்நாண்கள் அப்போது நெருங்கிவிடுகின்றன. இளம் விளையாட்டு வீராங்கனைகளிடம் இது அரிதன்று. சிலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே இருக்கும். ஓடிய நிலையிலேயே உள்நோக்குக் கருவியால் தொண்டையைப் பார்த்து உறுதிசெய்யலாம். இதற்குத் தீர்வு, பேச்சுப் பயிற்சியாளரிடம் கற்கும் மூச்சுக் கட்டுப்பாட்டு முறைகள். இன்ஹேலரின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது வீண்.

பெரிய போட்டிகளைப் பொறுத்தவரை, 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நீச்சலில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற நான்சி ஹாக்ஸ்ஹெட், தம் கடைசிப் போட்டியில் மூச்சுக்குழல் இறுகி நான்காவதாக வந்தார். பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா தமக்கு இருப்பதே அதன் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. 2003ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்த பாலா ராட்கிளிஃப் பதின்ம வயது முதலே ஆஸ்துமா உள்ளவர். இழுக்கும் சால்பியூட்டமாலை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்கும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கும் மிகாமல் எடுக்க உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அனுமதிக்கிறது. பொதுவாக ஒரு அழுத்தத்தில் கிடைப்பது 100 மைக்ரோகிராம். இழுக்கும் ஸ்டீராய்டு, உரிய அளவில், அனுமதிக்கப்பட்டதே. மாத்திரை, ஊசி ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. எடுப்பதற்கு முன் கேட்டறியுங்கள்.

கேள்வி: தனியாக நடைப்பயிற்சிக்குப் போகும்போது கடுமையான இழுப்பு வந்தால் என்ன செய்வது? (ஒரு மூத்த வாசகர்)

பதில்: உடனே நில்லுங்கள், எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நடக்காதீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள், படுக்க வேண்டாம். சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒரு அழுத்தம் எடுத்து நான்கு மூச்சு இழுங்கள். இப்படி நான்கு அழுத்தங்கள். நான்கு நிமிடம் காத்திருந்தும் தணியாவிட்டால் இன்னும் நான்கு. அதற்கும் அடங்கவில்லையானால் ஆம்புலன்சை அழைத்துவிட்டு, வரும் வரை அதே முறையில் தொடருங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போவது, உதடும் நகமும் நீலம் பாய்வது, தலை கிறுகிறுப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நிமிடம் எண்ணிக்கொண்டிருக்காமல் முதலிலேயே அழைத்துவிடுங்கள். இழுப்பின் ஒலி குறைந்தும் மூச்சு முட்டல் குறையாதிருந்தால் அது இன்னும் மோசமான அறிகுறி. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருள். ஃபார்மோடெரால் சேர்ந்த இன்ஹேலரை நிவாரணத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் அவசரத்தில் எத்தனை முறை எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, கைப்பேசியிலும் சட்டைப் பையிலும் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளும், கிளாக்கோமா என்னும் கண்நோய்க்கான அவ்வகைச் சொட்டு மருந்துகளும் மூச்சுக்குழல்களை இறுக்கக்கூடும். சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளும் அப்படியே. உங்கள் வயதில் இவை மருந்துப் பட்டியலில் இருப்பது சாதாரணம். எதையும் நீங்களாக நிறுத்திவிடாமல், எல்லா மருந்துகளையும் ஒருமுறை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

தாக்குதல் தணிந்துவிட்டாலும் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நடைப்பயிற்சி வேண்டாம். அவர் நுரையீரலைப் பரிசோதித்து மருந்தைச் சீராக்கிய பிறகு, வழக்கமான தூரத்தில் பாதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முதல் ஒரு வாரம் யாரையாவது துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.